மனையிலிருந்து கிடங்குக்கு

ரியல் எஸ்டேட் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே நான்கைந்து தொழில் இருக்கிறது. வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுப்பவருக்கு லேஅவுட் போடத் தெரியாது. லேஅவுட் போட்டுச் சம்பாதித்தவர் அடுக்குமாடி கட்டப் போனால் இரண்டாவது தளத்தில் மூச்சு வாங்குகிறார். அடுக்குமாடியில் பேர் எடுத்தவர் கிடங்கு கட்டி வாடகைக்கு விடப் போனால், வங்கி மேலாளர் முன்னால் மாமனார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். எல்லாருக்கும் பட்டா தெரியும், பத்திரம் தெரியும், கமிஷன் தெரியும். பிறகு ஏன் தடுமாறுகிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை.

நான் 1979-ல் தாம்பரத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் சேர்ந்தவன். பிறகு மனை விற்றேன். அடுக்குமாடி கட்டுகிறவர்களோடு பங்கு சேர்ந்தேன். இப்போது ஒரகடம் பக்கம் கிடங்குக்கு நிலம் சேர்த்துக் கொடுக்கிறேன். நான் பார்த்தவரையில், ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்கு ஆசைப்பட்டு மாறியவர்கள் குறைவு. ஏதோ ஒரு சட்டமோ சாலையோ பழைய தொழிலை முடித்துவைக்கும்; ஆள் அடுத்ததற்குத் தள்ளப்படுவார். போகும்போது பழைய தொழிலின் தவணையையும் கூடவே எடுத்துக்கொண்டு போவார். போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற கணக்கைத்தான் தவணை என்கிறேன். தடுமாற்றம் அங்கேதான்.

இதற்குத் தமிழர் கண்ட பெரிய உதாரணம் தாம்பரத்தில் இல்லை, பர்மாவில் இருக்கிறது. எங்கள் முதலாளியான அந்தப் பத்திர எழுத்தர் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்தவர். மத்தியானம் பத்திரம் வராத நேரத்தில் முதலாளி அந்தக் கதையைத்தான் சொல்வார். நான் பிற்பாடு படித்ததும் அவர் சொன்னதோடு ஒத்துப்போனது.

1852-ல் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை பெருகியது. ஐராவதி கழிமுகத்துச் சதுப்பை வெட்டி வயலாக்கக் குடியானவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை நகரத்தார் என்கிற செட்டியார்கள் கொடுத்தார்கள். அடமானம் நிலம்தான், ஆனால் அவர்கள் நிலத்துக்காகப் போனவர்கள் அல்லர். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்புவது அவர்கள் முறை. மூன்று வருடத்தில் கணக்கு முடிக்க வேண்டியவன் நிலத்தை வாங்கிப்போட்டு உட்கார முடியாது. பணம் பணமாகவே சுற்றிவர வேண்டும்.

1930-ல் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது. வட்டி நின்றது, பிறகு அசலும் நின்றது. கடனுக்கு ஈடாக நிலத்தை எடுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லாமல் போனது. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937 வாக்கில் அது 25 சதவீதம். ஏழெட்டு வருடத்தில் வட்டிக்கடைக்காரர் நாட்டின் பெரிய நிலச்சுவான்தார் ஆகிவிட்டார், தாம் கேட்காமலேயே. வெளியிலிருந்து பார்த்த பர்மியருக்கு இது நிலப்பறிப்பு. உள்ளே கணக்கெழுதியவருக்கு இது முடங்கிப்போன பணம். இரண்டும் உண்மைதான் என்று நினைக்கிறேன். பர்மியரின் கோபத்தை நம்மவர்கள் எழுதும்போது பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை.

பிறகு 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். எங்கள் முதலாளியின் அப்பா கால்நடையாக மலை தாண்டி வந்தவர்களில் ஒருவர். பர்மா சுதந்திரம் அடைந்த 1948-லேயே நில தேசியமயச் சட்டம் வந்தது. நிலம் போனது போனதுதான். அதே சமூகத்தில் 1937 பிப்ரவரியில் மு.சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். முதல் நாளே சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்று இடத்திலும் கிளை. வட்டித் தொழிலிலிருந்து வங்கித் தொழிலுக்கு அவர் தாமே நடந்துபோனார், தவணை பழகிய தவணைதான். நிலத்துக்குத் தள்ளப்பட்டவர்களுக்குத் தவணை மாறிப்போனது; அதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்ள அவகாசம் இல்லை.

தாம்பரத்துக்கு வருகிறேன்.

சென்னைக்குத் தெற்கே நிலம் எப்படிக் கைமாறியது என்பது காலனிகளின் பெயரிலேயே எழுதியிருக்கிறது. ஏ.ஜி.எஸ். காலனி, டெலிபோன் காலனி, எல்.ஐ.சி. காலனி. ஓர் அலுவலகத்து ஊழியர்கள் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் வைத்து, ஏரிப் பாசன நிலத்தை மொத்தமாக வாங்கி, மனையாகப் பிரித்துக்கொண்ட காலம் அது. வீட்டுவசதி வாரியம் 1961-ல் வந்து அசோக் நகர், கே.கே.நகர், அண்ணா நகர் என்று பெரிய அளவில் செய்ததைச் சங்கங்கள் சின்ன அளவில் செய்தன. அப்போது தரகருக்கு இதில் பெரிய வேலை கிடையாது. சங்கச் செயலாளர், ஊர் மணியக்காரர், பத்திர எழுத்தர் மூன்று பேர் போதும். மின்சார ரயில் 1931-லிருந்தே தாம்பரம் வரை ஓடியது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் மனை, அதற்கு அப்பால் இருந்தால் வயல்.

தரகர் என்று சொன்னால் அன்றைக்கு வாடகை வீட்டுத் தரகர்தான். ஒரு மாத வாடகை கமிஷன். 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. வாங்கியதோ ஐந்து மாதம், பத்து மாதம். சட்டத்துக்கும் நடப்புக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் அவர் பிழைத்தார். எந்த வீட்டில் மேல்தளம் ஒழுகும், எந்த வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை எட்டு மணிக்கு நிறுத்துவார், எந்தக் குடித்தனக்காரர் காலி செய்யாமல் நியாய வாடகை கேட்டு வழக்குப் போடுவார் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. மற்ற நிலத் தொழில்காரர்கள் அவரை மதிக்க மாட்டார்கள். இன்றைய பணம் இன்றைக்கே என்று வாழ்கிறவர் என்பார்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

மனைத் தொழில் எண்பதுகளில் வெடித்தது. அதற்கு ஒரு காரணம் தமிழ்நாட்டில் இருந்த வசதி: இங்கே விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். கர்நாடகத்தில் 2020 வரை விவசாயி அல்லாதவர் வாங்கத் தடை இருந்தது. இங்கே ஆவடி தொழிற்சாலை ஊழியரும் அம்பத்தூர் பள்ளி ஆசிரியரும் செங்கல்பட்டுப் பக்கத்து நஞ்சையை நேரடியாக வாங்க முடிந்தது. இன்னொரு காரணம், 1976 ஆகஸ்ட் 3 முதல் அமலுக்கு வந்ததாகக் கருதப்பட்ட நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். 1978-ல் வந்த அந்தச் சட்டம் 1999-ல் நீக்கப்படும் வரை நகரத்துக்குள் பெரிய இடம் வைத்திருப்பதே வில்லங்கம். நகரத்துக்குள் முடியாதபோது தொழில் எல்லையைத் தாண்டி ஊராட்சிக்குள் போனது. அங்கே பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து இருந்தால் லேஅவுட்.

கணக்கு இப்படி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இருபத்துநான்கு கிரவுண்டு ஒரு காணி. ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டும் கொஞ்சமும். சாலையும் பூங்காவும் முறையாக விட்டால் ஏக்கருக்குப் பத்துப் பதினோரு கிரவுண்டு விற்க நிற்கும். பஞ்சாயத்து லேஅவுட்டில் இருபதடிச் சாலை போட்டு, பூங்காவை வரைபடத்தில் மட்டும் காட்டி, இன்னும் இரண்டு கிரவுண்டு தேற்றுவார்கள். அந்த இரண்டு கிரவுண்டில்தான் பல பேருடைய லாபம் முழுக்க இருந்தது. இன்றைக்குக் கிழக்குத் தாம்பரத்துத் தெருக்களில் தண்ணீர் லாரி திரும்ப முடியாமல் நிற்பதற்கும் அந்த இரண்டு கிரவுண்டுதான் காரணம்.

லேஅவுட் போடும் ப்ரோமோட்டர் நிலத்தை வாங்கவே மாட்டார். விவசாயிக்கு ஒரு அட்வான்ஸ், அவரிடமிருந்து ஒரு பவர் பத்திரம், அவ்வளவுதான். கல் ஊன்றுவார். நோட்டீஸ் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் ஸ்டேஷன் வாசலிலிருந்து இலவச வேன், சைட்டில் சாப்பாடு. மாதத் தவணையில் மனை. கையில் ஒரு தவணை அட்டை, கட்டிய பணத்துக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முத்திரை. வாங்குகிறவர் தவணை முடித்ததும் விவசாயி பெயரிலிருந்து நேராக அவர் பெயருக்குக் கிரயம். நடுவில் ப்ரோமோட்டர் பெயரில் ஒரு பத்திரமும் இருக்காது. இரண்டாவது முத்திரைத் தீர்வையும் இல்லை. எங்கள் கடையில் அந்தப் பத்திரங்களை எழுதி எழுதி, நாலெல்லை விவரம் எனக்குத் தூக்கத்திலும் வரும்.

இப்படி வளர்ந்தவர் அடுத்தவர் பணத்திலேயே தொழில் செய்து பழகினார். விவசாயிக்குக் கொடுக்க வேண்டியதை வாடிக்கையாளரின் தவணையிலிருந்து கொடுப்பார். அடுத்த சைட்டின் அட்வான்ஸை முதல் சைட்டின் வசூலிலிருந்து போடுவார். வசூல் நிற்காதவரை இதில் குற்றம் தெரியாது. மாதாமாதம் பணம் வருவதால் முதல் போட்டுக் காத்திருப்பது என்றால் என்னவென்றே அவருக்குப் பழக்கமில்லை.

மனைத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது குடும்பத்தை வாசிக்கும் வேலை. நான் கடையில் சேர்ந்த 1979-ல்தான் யுடிஆர் என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1987 வரை நடந்தது. பட்டா சீராகும் என்றுதான் செய்தார்கள். நிறைய இடத்தில் அண்ணன் நிலம் தம்பி பெயரிலும், இறந்தவர் நிலம் பங்காளி பெயரிலும் ஏறிவிட்டது. அதனால் பட்டாவை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவர் இந்தத் தொழிலில் ரொம்ப நாள் நிற்க மாட்டார். யுடிஆருக்கு முந்தைய ஏடு, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது பஞ்சமி நிலமா என்பதையும் பார்க்க வேண்டும். 1892-ல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு ஒப்படைத்த நிலங்கள் அவை. அவற்றையும் லேஅவுட் போட்டு விற்றவர்கள் உண்டு. அதைச் சாமர்த்தியம் என்று சொல்கிறவரோடு நான் உட்கார்ந்து காபி சாப்பிட்டதில்லை.

1989 மார்ச் 25 இன்னொரு தேதி. அன்றைக்குத் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்ணுக்குக் கிடையாது. அதுவரை பத்திரத்தில் அப்பாவும் அண்ணன் தம்பிகளும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் கடையில் முதல் கேள்வியே மாறியது: “வீட்டில் பெண் பிள்ளை எத்தனை? கல்யாணம் எந்த வருஷம்?” வாய்வார்த்தையை நம்ப முடியாது. கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவரச் சொல்வோம். மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பரணிலிருந்து எடுத்து வருவார்கள். 1988 தை மாதமா, 1990 வைகாசியா என்று பார்த்துத்தான் அந்த அக்காவின் கையெழுத்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவு. 2005-ல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்ட பிறகு பத்திரிகைக்கு வேலையில்லை, எல்லா மகள்களும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கு வந்த பெண்களில் பலர் தங்களுக்குப் பங்கு உண்டு என்பதையே எங்கள் திண்ணையில்தான் தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட மறுத்தவர்களும் உண்டு. ப்ரோமோட்டர்கள் திட்டினார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

அடுக்குமாடிக்கு மாறியவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்ததுதான். நகரத்துக்குள் பழைய பங்களாக்கள் வாடகைக் கட்டுப்பாட்டில் சிக்கி, வாடகை பராமரிப்புக்கே பற்றாமல், அண்ணன் தம்பி பிரிக்க முடியாமல் கிடந்தன. அவற்றைக் கட்டுநரிடம் கொடுத்து ஆளுக்கு இரண்டு ஃபிளாட் வாங்கிக்கொள்வது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. நிலத்தில் பிரிபடாத பாகத்துக்கு ஒரு கிரயம், கட்டடத்துக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம். முத்திரைத் தீர்வை பாகத்துக்கு மட்டும் என்பதால் பல வருடம் அப்படியே ஓடியது. 2023 டிசம்பர் முதல்தான் இரண்டையும் சேர்த்த மதிப்பில் பதிவு செய்கிறார்கள். அடுக்குமாடி உரிமைக்கென்று 1994-ல் ஒரு சட்டம் வந்தது, அதைப் படித்தவர்கள் குறைவு.

மனையிலிருந்து அடுக்குமாடிக்கு வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இங்கே முக்கியம். மனையில் செலவு முதலில் கொஞ்சம், வரவு பின்னால் தொடர்ந்து. கட்டடத்தில் வரவு முதலில் வந்துவிடும். செலவு மூன்று வருடம் விடாமல் துரத்தும். அஸ்திவாரத்துக்கு ஒரு பங்கு, ஒவ்வொரு ஸ்லாபுக்கும் ஒரு பங்கு என்று வாங்கிய பணத்தைப் பழைய பழக்கத்தில் அடுத்த சைட்டின் அட்வான்ஸாகப் போட்டுவிடுவார்கள். சிமென்ட் விலை ஏறும். மூன்றாவது ஸ்லாபுக்குப் பணம் இருக்காது. மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் கம்பி துருப்பிடித்து வருடக்கணக்கில் நின்ற கட்டடங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். ஏமாற்ற நினைத்துச் செய்தவர்கள் சிலர். பெரும்பாலோர் மனைக்காரரின் தவணையில் கட்டடம் கட்டியவர்கள்.

2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. பழைய மாமல்லபுரம் சாலையின் கதை எல்லாருக்கும் தெரிந்ததால் கடந்துபோகிறேன். எங்கள் பக்கம் மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், மறைமலைநகரில் ஃபோர்டு, பிறகு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, ஒரகடத்தில் நிசான். ஆலை வருவதற்கு முன்பே மனை போனது. நோக்கியா ஆலை 2014-ல் மூடியபோது அதைச் சுற்றி மனை வாங்கியவர்கள் விலை கேட்க ஆளில்லாமல் நின்றார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரையேறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. எந்த மனை ஏரியின் வாயில் இருந்தது என்று வாங்கியவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய வரைபடம் பார்த்தவர்களுக்கு முன்பே தெரியும்.

ஆனாலும் வெள்ளம் மனைத் தொழிலை நிறுத்தவில்லை. நிறுத்தியது அடுத்த வருடம் தொடங்கிய பத்து மாதங்கள். 2016 செப்டம்பர் 9-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். 2017 ஜூன் 9-ல் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைந்து, பதிவுக் கட்டணம் ஒன்றிலிருந்து நான்கு சதவீதமானது. ஜூன் 22-ல் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதிகள். ஜூலை 1-ல் ஜிஎஸ்டி. தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை சாலையோரத்தில் வரிசையாகக் கொடி நட்டிருந்த சைட் அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டின. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறை செய்துகொள்ள 2017 மே மாதம் வழி செய்தார்கள். அதில் பழைய மனை பிழைத்தது, பழைய தொழில் பிழைக்கவில்லை. வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்கிறது ரெரா. ஒரு சைட்டின் பணத்தை இன்னொரு சைட்டுக்குத் திருப்பும் வித்தைக்கு அதோடு கதவு சாத்தியது. நான் இந்தச் சட்டத்தின் பக்கம்தான். எங்கள் ஆட்கள் பலருக்கு இது பிடிக்காது.

மனையை முடித்த அதே ஜிஎஸ்டிதான் கிடங்குத் தொழிலைப் பிறப்பித்தது. அதற்கு முன் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. அதைத் தவிர்க்கக் கம்பெனிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சின்ன டெப்போ வைத்து, சரக்கைத் தங்களுக்கே மாற்றி, அங்கிருந்து விற்றன. ரெட்ஹில்ஸ், மாதவரம் பக்கத்து ஓடு வேய்ந்த குடோன்கள் அந்த வரியின் குழந்தைகள். வரி போனதும் மாநிலத்துக்கு ஒன்று தேவையில்லை. தென்னிந்தியா முழுவதற்கும் ஒன்று போதும், ஆனால் அது லட்சக்கணக்கான சதுர அடியில் வேண்டும். நாற்பதடி ட்ரெய்லர் திரும்ப வேண்டும். தரை சதுர மீட்டருக்கு ஐந்து டன் தாங்க வேண்டும். தீயணைப்புக் குழாய் கூரை முழுக்க ஓட வேண்டும். பத்து ஏக்கர், இருபது ஏக்கர் ஒரே துண்டாக, அகலச் சாலை மேல் வேண்டும்.

நிலம் சேர்ப்பதில் பழைய மனைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். முப்பது பட்டாவை ஒரே துண்டாக்க, துபாயில் இருக்கும் மருமகனிடமும் ஊரில் இருக்கும் பெரியம்மாவிடமும் கையெழுத்து வாங்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அதுவரை சரி. பிறகு அவர்களில் சிலர் கிடங்கைத் தாமே கட்டி வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினார்கள். சதுர அடிக்கு மாதம் இருபது ரூபாய் என்றாலும் லட்சம் சதுர அடிக்கு இருபது லட்சம் என்று கணக்குப் போட்டார்கள். போட்ட முதல் திரும்பப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. குத்தகை ஒன்பது வருடம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதினைந்து சதவீத உயர்வு, அதற்கு நடுவில் ஒன்றும் செய்ய முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் செங்கல்பட்டு மாவட்டத்தில் பெயர் சொன்னால் தெரிகிற லேஅவுட்காரர். கிடங்கு நல்ல கம்பெனிக்குப் போயிருந்தது, வாடகை தேதி தவறாமல் வந்தது. இரண்டாவது வருடம் அதை விற்றுத் தரச் சொல்லி என்னிடம் வந்தார். “நஷ்டமா?” என்றேன். “நஷ்டம் இல்லப்பா, மாசாமாசம் இதேதான் வருது. கை காலைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு” என்றார்.

கிடங்கில் நின்றவர்களில் என்னை ஆச்சரியப்படுத்தியவர் ஒரு வாடகை வீட்டுத் தரகர். சேலையூரில் சைக்கிளில் சாவிக்கொத்தோடு சுற்றியவர். இரண்டு பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு வல்லம் பக்கம் முதலில் ஒரு சின்ன ஷெட் போட்டார். குடியிருப்பவன் என்ன கேட்பான், எதற்குக் கோபப்படுவான், எப்போது காலி செய்வான் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த கல்வி. கிடங்குத் தொழில் முழுக்க அதுதான். மழைக்கு முன்பே கூரைத் திருகாணிகளைப் பார்க்க ஆள் ஏற்றுவார். குத்தகைப் பத்திரத்தில் லாக்-இன் எத்தனை வருடம், அட்வான்ஸ் எந்தத் தேதியில் திரும்ப வேண்டும், பெயின்ட் யார் அடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியையும் என்னை எழுதச் சொல்லி, இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்பார். வாடகையைக் காட்டி வங்கியில் எல்ஆர்டி கடன் வாங்கி இரண்டாவது ஷெட் போட்டார். ஊரிலேயே சின்னத் தொழில் என்று எல்லாரும் நினைத்த தொழிலில் கற்றது இந்தப் பெரிய தொழிலுக்குப் பொருந்தியது. மனை ராஜாக்களுக்குத் தெரிந்தது பொருந்தவில்லை. எந்தத் தொழிலில் எவ்வளவு சம்பாதித்தார் என்று பார்த்துப் பங்காளி சேர்க்கிறார்கள். எந்தத் தவணையில் பழகினார் என்று பார்த்துச் சேர்த்தால் எத்தனையோ சண்டை மிச்சம்.

2019 பிப்ரவரி 22 முதல் 1960-ன் வாடகைச் சட்டம் போய்ப் புதிய சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. வீட்டுக்கு மூன்று மாத அட்வான்ஸ்தான் என்கிறது. அதே மாதம் கட்டட விதிகள் மாறித் தளப் பரப்புக் குறியீடு ஒன்றரையிலிருந்து இரண்டானது. பங்குச்சந்தையில் ரீட் யூனிட் வாங்கி அலுவலகக் கட்டடத்துக்குப் பங்காளி ஆகலாம் என்று அந்த வருடம் ஏப்ரலில் முதல் ரீட் பட்டியலிடப்பட்டது. என் மருமகன் அதைத்தான் வாங்குகிறான். பட்டாவே பார்க்காமல் நிலத்தில் பணம் போடுவது எனக்கு இன்னும் பழகவில்லை, ஆனால் அவனுடைய தவணைக்கு அது சரியாக இருக்கலாம்.

இந்தத் தொழிலின் வரலாற்றை யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை. பத்திரங்கள் பதிவு அலுவலகத்தில் இருக்கும். நோட்டீஸும் தவணை அட்டையும் நீலத் தாளில் அச்சான லேஅவுட் வரைபடமும் அங்கே இருக்காது. உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ எண்பதுகளில் அப்பா கட்டிய மனைத் தவணை அட்டை இருந்தால், பர்மாக் காலத்துக் கணக்கேடு இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்மதத்தோடு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.